வாகனத்தின் மெருகும் கழுவும் முறையும்

வாகனக் கடனில் கார் வாங்கும் குடும்பம் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை தவணை செலுத்துகிறது. தவணை முடிந்து காரை விற்க முற்படும்போது, இயந்திரம் நல்ல நிலையில் இருந்தாலும் வண்ணம் மங்கியிருந்தால் விலை குறைகிறது. இதற்கு வெயிலையும் தூசியையும் நாம் குறைகூறுகிறோம். வெயிலுக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் மெருகைப் பெரிதும் குலைப்பது, படிந்த தூசியை நாம் துடைத்தெடுக்கும் முறையே ஆகும். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் கார் வைத்திருப்போர் இதனை அறிந்திருப்பது நன்று.

மெருகு எங்கே இருக்கிறது?

காரின் வண்ணம் ஒரே பூச்சினால் ஆனதன்று. எஃகுத் தகட்டின்மேல் முதலில் பாஸ்பேட் படலம் அமைகிறது. அதன்மேல் மின்னோட்டத்தின் உதவியால் துருத் தடுப்புப் பூச்சு படியவைக்கப்படுகிறது. பிறகு ப்ரைமரும் நிறப்பூச்சும் வருகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் உள்ளது. இவை அனைத்தும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவுதான். கிளியர் கோட் மட்டும் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். பெரும்பாலும் தலைமயிர் ஒன்றின் தடிமனைவிடக் குறைவு.

புதிய காரின் பளபளப்பு, இந்த மெல்லிய படலத்தின் சமதளத்தில் ஒளி பட்டுத் திரும்புவதால் உண்டாகிறது. அதில் நுண்கீறல்கள் விழுந்தால் ஒளி சிதறுகிறது; நிறம் வெளுத்ததுபோலத் தோன்றுகிறது. கறுப்பு நிறக் காரை வெயிலில் நிறுத்திப் பார்த்தால், சிலந்தி வலை போன்ற வட்டக் கீறல்களை எளிதில் காணலாம்.

நம் ஊர்த் தூசியின் இயல்பு

சித்தூர் மாவட்டம் பாறை நிலம். குப்பம் பகுதியில் கிரானைட் குவாரிகள் இயங்குகின்றன. கிரானைட்டின் முக்கியக் கூறுகளுள் ஒன்று குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் அதன் மதிப்பு 7. சாதாரண எஃகைக் காட்டிலும் அது கடினமானது. பாறை சிதைந்து உண்டான மண்ணிலும் சாலைத் தூசியிலும் அதன் துகள்கள் கலந்துள்ளன. விடியற்காலையில் பழைய துணியால் காரை உலர்வாகத் துடைப்பது, அத்துகள்களைக் கொண்டு உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். ஒரே வாளி நீரில் நனைத்த துணியால் தெருவிலுள்ள பல கார்களை வரிசையாகத் துடைக்கும்போது, முதல் காரின் மணல் அடுத்த காரைக் கீறுகிறது. நாள்தோறும் இவ்வாறு துடைக்கப்படும் காரைவிட, வாரம் ஒருமுறை முறையாகக் கழுவப்படும் கார் நெடுநாள் மெருகோடு இருக்கும்.

நீரும் சோப்பும்

நம் பகுதியில் பலர் பயன்படுத்தும் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். வெயிலில் கழுவி அப்படியே உலரவிட்டால், நீர் ஆவியாகிக் கால்சியம், மெக்னீசிய உப்புகள் வெண்புள்ளிகளாகப் படிகின்றன. ஆகவே நிழலில் கழுவி, உடனே ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும்.

துணி துவைக்கும் சோப்புத்தூள் காரத்தன்மை உடையது. அழுக்கோடு சேர்த்துப் பாதுகாப்பு மெழுகையும் அது அகற்றிவிடும். கார் ஷாம்பு இதனினும் மென்மையானது.

வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் உயர் அழுத்த நீரைப் பீய்ச்சுவது, கை படாமலே மணலை நீக்குவதால் நன்மை தருகிறது. ஆனால் குழாயின் முனையை ஓரடிக்கும் குறைவாக நெருக்கினால், ஏற்கெனவே பூச்சு பெயர்ந்த இடத்தில் மேலும் பெயர்ந்துவிடும். நீருக்குப்பின் துடைக்கும் துணி தூயதா என்பதையும் கவனித்தல் வேண்டும்.

கழுவும் முறை

முதலில் நீரூற்றித் தளர்ந்த மணலை வழியவிட வேண்டும். பின் இரண்டு வாளிகளை வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் ஷாம்பு நீர், மற்றொன்றில் துணியை அலசுவதற்கான வெறும் நீர். மைக்ரோஃபைபர் துணியால் கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி, அழுத்தமின்றித் துடைத்து, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை அலச வேண்டும். இறுதியாக ஒரு வாளி நீரால் கழுவிவிடலாம். 15 லிட்டர் வாளிகள் நான்கு, அதாவது 60 லிட்டர் நீர், நடுத்தரக் கார் ஒன்றுக்குப் போதுமானது.

சக்கரங்களுக்குத் தனித்துணி அவசியம். திருமலை மலைப்பாதையில் இறங்கும் கார்களின் சக்கரங்களில் பிரேக் தேய்வால் உண்டாகும் இரும்புத்துகள் மிகுதியாகப் படியும்; அத்துணி பானெட்டைத் தொடலாகாது. பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் உள்ளதால், கண்டவுடன் நீரில் ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். புதிய வாகனத்துக்குக் காணிப்பாக்கம் விநாயகர் கோயிலில் பூஜை செய்வது நம் வழக்கம். அப்போது இட்ட மஞ்சளும் சந்தனமும் காய்ந்தபின் சுரண்டினால் கீறல் விழும்; மஞ்சள் வெளிர் நிறக் கார்களில் கறையும் விடும். வழிபாட்டுக்குரிய காலம் கழிந்ததும் நனைத்து, ஊறியபின் எடுப்பதே முறை.

கணக்குப் பார்த்தால்

மோட்டார் காப்பீட்டில், நான்காண்டு கடந்து ஐந்தாண்டுக்கு உட்பட்ட காரின் மதிப்பு, விலைப்பட்டியல் தொகையில் 50 விழுக்காடு கழித்துக் கணக்கிடப்படுகிறது. நாட்பட்ட பயன்பாட்டுத் தேய்மானத்துக்கு இழப்பீடு கிடையாது. துடைத்ததால் விழும் நுண்கீறல்களும் அத்தகையவையே. வேறு சிறு சேதத்துக்காக உரிமை கோரினால், கோரிக்கையற்ற ஆண்டுகளுக்காக 20 முதல் 50 விழுக்காடு வரை கிடைக்கும் பிரீமியச் சலுகை பறிபோகும்.

பாலிஷ் போட்டால் மெருகு திரும்பும் என்பது உண்மை. ஆயின் கீறலை நிரப்பி மட்டும் அது மறைப்பதில்லை. தேய்க்கும் பாலிஷ் ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் சிறிதளவை அரைத்தெடுத்தே மேற்பரப்பைச் சமன்செய்கிறது. அசலை எடுத்துச் செலவழிப்பது போன்றது அது. எடுத்ததைத் திரும்பச் செலுத்த வழியில்லை. முழுதும் மறுவண்ணம் பூசினாலோ, பழைய கார் வாங்குவோர் விபத்துக்குள்ளான வண்டியோ என ஐயுறுவர்.

இரண்டு வாளி, மூன்று துணி, ஒரு புட்டி ஷாம்பு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு முறை பாலிஷ் போடும் கூலியைவிடக் குறைவு. ஆயுத பூஜைக்காகக் காரைக் கழுவும்போதே இம்முறையைத் தொடங்கிவிடலாம். கடன் தீரும் நாளில் நம் கையில் எஞ்சும் சொத்தின் மதிப்பு, வாரந்தோறும் நாம் செலவிடும் அரைமணி நேரத்தையும் பொறுத்தது.