மெட்டில்லா பேஸுக்கு எந்தத் தந்தி?

கேள்வி: ஃபிரெட்லெஸ் பேஸ் கிட்டாருக்குப் புதுத் தந்தி வாங்கப் போகிறேன். ரவுண்ட்வவுண்ட் போட்டால் மரம் தேய்ந்துவிடும் என்கிறார்கள். எதைப் போடுவது?

பதில்: ஃபிரெட்லெஸ் பேஸில் தந்தி நேராக மரத்தின் மேலேயே அழுந்துகிறது. அதனால் ஒலியோடு மரத்தின் ஆயுளும் தந்தியின் மேற்சுற்றைப் பொறுத்தது. ரவுண்ட்வவுண்டில் உருண்டைக் கம்பி சுற்றியிருக்கும்; நகத்தால் வருடினால் அரம்போலச் சரசரக்கும். விரலை அசைத்து வாசிக்கும்போது அந்த வரிகள் ரோஸ்வுட்டில் மெல்லிய கோடுகளைப் பதிப்பது உண்மைதான். ஆனால் 'ம்வா' என்று மலரும் ஃபிரெட்லெஸ் ஒலி இதில்தான் முழுதாகப் பொலிகிறது. பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் வாசித்தது ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் ரவுண்ட்வவுண்ட். மரத்தைக் காக்க விரல்பலகைக்கு எபாக்சி பூசிக்கொண்டார். 1976இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பத்தில் அந்த அழகு முழுவதும் இருக்கிறது.

ஃப்ளாட்வவுண்டில் தட்டை நாடா சுற்றியிருப்பதால் தந்தி வழவழவென்றிருக்கும். மரம் அவ்வளவாகத் தேயாது, விரல் சறுக்கும்போது கீச்சொலி எழாது, ஒலி கனிந்து வரும். நைலான் சுற்றிய டேப்வவுண்ட் டபுள் பேஸை நினைவூட்டும்.

பூச்சில்லாத ரோஸ்வுட் பலகைக்கு ஃப்ளாட்வவுண்டே பொருத்தம். எபோனியோ எபாக்சி பூச்சோ இருந்தால் தயங்காமல் ரவுண்ட்வவுண்ட் போடலாம். ஸ்டீலைவிட நிக்கல் மென்மையானது. நான்கு தந்திக்கு 45–105 கனம் வழக்கமானது. ஃப்ளாட்வவுண்ட் பொதுவாக இழுவை கூடியது. மாட்டியபின் கழுத்து முன்வளைந்தால் ட்ரஸ் ராடைச் சிறிது முறுக்கிச் சரிசெய்ய வேண்டும். ரவுண்ட்வவுண்டால் மரத்தில் பதிந்த கோடுகளையும் பின்னாளில் இழைத்துச் சமன்படுத்திவிடலாம்.