புதர்க் காய்ச்சலும் கரும்பொருக்கும்

காய்ச்சல் கண்டவுடன் நாம் முதலில் கொசுவையே குறை கூறுகிறோம். மலேரியாவையும் டெங்கியையும் அறிந்த நமக்கு அது இயல்பே. ஆயினும், லாலான் புல் மண்டிய வெளியிலும் காட்டோரப் புதரிலும் வாழும் மிகச் சிறிய உண்ணி ஒன்று வேறொரு காய்ச்சலைத் தருகிறது. ஸ்கரப் டைபஸ் எனப்படும் அதனைப் புதர்க் காய்ச்சல் என்போம்.

இவ்வுண்ணியின் ஆறுகால் குஞ்சு மட்டுமே எலியையும் மனிதனையும் கடிக்கும். வளர்ந்த உண்ணி மண்ணில் தன் இரையைத் தேடிக்கொள்ளும். நோய்க்கிருமியோ தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குச் செல்கிறது. ஆகவே எலிகளை ஒழிப்பதால் மட்டும் இந்நோய் ஒழிந்துவிடாது.

கடித்த வேளையில் வலி தெரியாது. ஏறத்தாழ பத்து நாள் கழித்துக் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி தோன்றும். அதற்குள் புதருக்குச் சென்றதையே மறந்திருப்போம்! கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டாற்போன்ற கரும்பொருக்கு ஒன்று காணப்படலாம். அக்குள், தொடையிடுக்கு, இடுப்புவார் அழுத்தும் இடம் ஆகிய மறைவிடங்களிலேயே அது பெரும்பாலும் இருக்கும். வலிக்காததால் நோயாளி அதைக் கூறுவதில்லை. பெண்கள் கூச்சத்தால் காட்டுவதில்லை. இக்கூச்சம் உயிருக்கே ஆபத்தாகலாம். பொருக்கு இல்லாமலும் நோய் வருவதுண்டு. எனவே விறகுக்கோ மீன்பிடிக்கவோ புதருக்குள் சென்றதை மருத்துவரிடம் நாமே கூறவேண்டும்.

ஒரு காலத்தில் இதற்கு மருந்தே இல்லை. 1948இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் அமெரிக்க மருத்துவர் ஸ்மாடெல் குழுவினர் குளோராம்பெனிக்கால் மருந்தைக் கொடுத்து இக்காய்ச்சலைத் தணித்தனர். உலகம் அறிந்த அவ்வெற்றி நம் மண்ணில் கிட்டியது. இன்று பெரும்பாலும் டாக்சிசைக்ளின் கொடுக்கப்படுகிறது. காலத்தோடு கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கும்; தாமதித்தால் நுரையீரலும் மூளையும் பாதிக்கப்பட்டு மரணமும் நேரலாம். பெனிசிலின் ஊசி இதற்குப் பயன்படாது. தடுப்பூசியும் இல்லை.

புதரில் இறங்கும்போது நீண்ட காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்வதும், பூச்சிவிரட்டி பூசுவதும் நன்று. களைப்பாறப் புல்மீது படுத்தல் ஆகாது. பாயொன்று விரித்து அமரலாம். வீடு திரும்பியதும் சோப்பிட்டுக் குளித்து, உடைகளை உடனே துவைக்கவேண்டும்.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளியின் தட்டையும் பாயையும் ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.