கிடா பால் கறக்குமா?

வெள்ளிக்கிழமை விடியுமுன்பே செஞ்சி வாரச்சந்தை களைகட்டிவிடும். தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் மேல்சித்தாமூர்ப் பக்கமிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் வெள்ளாடுகள் வந்து இறங்கும். வியாபாரி முதலில் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பிறகு இடுப்புச் சதையை விரலால் அழுத்துவார். கடைசியாக ஒரு தூக்குத் தூக்கி, இத்தனை கிலோ கறி தேறும் என்று மனக்கணக்குப் போடுவார். அதன் தாய் எவ்வளவு கறந்தது என்று யாரும் கேட்பதில்லை. கறிக்கான சந்தையில் அதைக் கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ஆட்டுப்பால் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் மட்டும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

இப்படிப் புழங்கும் நம்பிக்கைகளில் முதலாவது, “ஆட்டுப்பாலெல்லாம் ஒண்ணுதான்” என்பது. உண்மை வேறு. பாலின் முக்கியப் புரதமான கேசினுக்கு வெள்ளாட்டில் நான்கு மரபணுக்கள் உண்டு. நான்கும் 6ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. இவற்றில் ஆல்பா எஸ்1 கேசின் மரபணுதான் ஆட்டுக்கு ஆடு பெரிதும் வேறுபடுவது. பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 1980களில் ஆல்பைன், சானென் ஆடுகளில் இதைக் கண்டறிந்தார்கள். ஏ, பி வகை மரபணுவின் ஒரு பிரதி, லிட்டருக்குச் சுமார் 3.6 கிராம் ஆல்பா எஸ்1 கேசினைத் தரும். இ வகை தருவது அதில் பாதிக்கும் குறைவு. எஃப் வகையில் ஒரு கிராம்கூடத் தேறாது. ஓ வகையில் சுத்தமாகப் பூஜ்யம். எஃப் வகையில் நடந்தது இவ்வளவுதான்: மரபணுவில் ஒரே ஓர் எழுத்து உதிர்ந்துபோனது. அதன் விளைவாகப் புரதத்தில் 37 அமினோ அமிலங்கள் விட்டுப்போகின்றன.

இது ஆய்வகத்தோடு நின்றுவிடும் சமாசாரம் அல்ல. ஏ வகைப் பால் கெட்டியாக உறையும். பாலாடைக்கட்டியும் கூடுதலாகக் கிடைக்கும். எஃப் வகைப் பாலில் தயாரித்தால் ஆட்டுவாடை தூக்கலாக இருக்கும். நார்வேயில் பாதிக்கும் மேற்பட்ட மரபணுப் பிரதிகள் இந்தப் புரதத்தையே தராத வகையாக இருந்தன. பாலில் காறலும் கசப்பும் வந்து, பண்ணைகள் படாத பாடு பட்டன. பிறகுதான் அங்கே மரபணு பார்த்துக் கிடா தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது நம்பிக்கை, படித்தவர்களிடம் புழங்குவது: “ஆட்டுப்பாலில் ஆல்பா எஸ்1 கேசின் குறைவு, அதனால் லேசாகச் செரிக்கும்.” ஐரோப்பிய மந்தைகள் சிலவற்றுக்குப் பொருந்துவதை அப்படியே நம் ஊர் ஆட்டின் தலையில் கட்டிவிட்டார்கள். மதுராவுக்கு அருகே மக்தூமில் இருக்கும் மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஜமுனாபாரி உள்ளிட்ட இந்திய இனங்களைச் சோதித்தபோது, அதிகம் தென்பட்டவை ஏ, பி வகைகள்தான். அதாவது நம் ஆடுகள் இந்தப் புரதத்தைத் தாராளமாகவே சுரக்கின்றன. வெளிநாட்டுப் பால்மாவு டப்பாவில் அச்சடித்த வாசகத்தை நம்பி உள்ளூர்ப் பாலை எடைபோடக் கூடாது.

மூன்றாவதுதான் ஆபத்தானது. “பிள்ளைக்குப் பசும்பால் ஒத்துக்கலையா? ஆட்டுப்பால் குடு, சரியாப் போயிடும்.” பாட்டிமார் பாசத்தில் சொல்வதுதான். ஆனால் பசுவின் கேசினும் ஆட்டின் கேசினும் நெருங்கிய உறவு; ஒன்றை எதிரியாக நினைக்கும் உடல் மற்றதையும் பெரும்பாலும் விடாது. 1999இல் வெளியான இத்தாலிய ஆய்வில், பசும்பால் ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்ட 26 குழந்தைகளில் 24 பேருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. அது மட்டுமா? ஆட்டுப்பாலில் ஃபோலேட் மிகக் குறைவு. கைக்குழந்தைக்கு அதை மட்டுமே கொடுத்து வளர்த்தால் ரத்தசோகை வரலாம். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பெரிய ஆறுதல் கிடையாது. பசும்பாலைவிடச் சற்றே குறைவாக இருந்தாலும் ஆட்டுப்பாலிலும் லாக்டோஸ் உண்டு.

காந்தி குடித்த பால் என்பதால் இதற்கு ஒரு தனி மரியாதை உண்டு. அவர் 1919இல் ஆட்டுப்பாலுக்கு மாறியது புரதக் கணக்கால் அல்ல. பால் குடிப்பதில்லை என்று விரதம் எடுத்தபோது அவர் மனத்தில் இருந்தவை பசுவும் எருமையும் மட்டுமே. கஸ்தூர்பா அதைச் சுட்டிக்காட்டினார். விரதத்தின் உயிரை விட்டுவிட்டோமே என்று காந்தியே பிற்பாடு வருந்தியும் எழுதினார்.

ஏ2 லேபிளையும் சொல்லியாக வேண்டும். ஏ1, ஏ2 என்பது மாட்டின் பீட்டா கேசினில் வந்த பிரிவு. வெள்ளாட்டின் பீட்டா கேசின் இயல்பாகவே ஏ2 மாதிரியானது. ஆகவே “ஏ2 ஆட்டுப்பால்” என்று கூடுதல் விலை வைப்பது, எல்லா ஆட்டிலும் இருப்பதையே விசேஷம் என்று விற்பதுதான். இத்தகைய லேபிள்களை நீக்கச் சொல்லி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்ட் 21இல் உத்தரவிட்டு, ஐந்தே நாளில் அதைத் திரும்பப் பெற்றது தனிக்கதை.

கருப்பு ஆட்டுப்பால்தான் மருந்து என்பார்கள். உடல் நிறத்தில் பெரும்பங்கு வகிக்கும் அகூட்டி மரபணு இருப்பது 13ஆம் குரோமோசோமில். கேசினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடைசியாக, “கிடா பால் கறக்குமா, என்ன?” கறக்காது. ஆனால் பெட்டைக்குட்டியின் இரண்டு கேசின் பிரதிகளில் ஒன்று தகப்பன் கிடாவிடமிருந்து வருவது. தீவனத்தைக் கூட்டினால் பாலின் அளவு கூடும், கொழுப்பு மாறும். எஃப் மரபணு ஏ ஆகிவிடாது. ஒரு பெட்டை வாழ்நாளில் சில குட்டிகளே ஈனும். ஒரு பொலிகிடாவோ ஓர் ஊரின் மந்தையையே மாற்றிவிடும். இங்கே நடப்பது தலைகீழ். தளதளவென்று வளரும் கிடாக்குட்டி தீபாவளிக்கோ பக்ரீத்துக்கோ சந்தை ஏறிவிடுகிறது. விலைபோகாமல் மிஞ்சிய நோஞ்சான்தான் ஊர்ப் பெட்டைகளுக்கெல்லாம் மாப்பிள்ளை.

பாலுக்கென்று ஆடு வளர்க்க நினைப்பவர்கள், நன்றாகக் கறக்கும் பெட்டையின் கிடாக்குட்டிகளில் ஒன்றையாவது விற்காமல் நிறுத்திக்கொள்ளுங்கள். சொந்த மந்தைக்குள்ளேயே சேர்க்காமல், பக்கத்து ஊர்க்காரரோடு கிடாவை மாற்றிக்கொள்ளுங்கள். பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தை வீட்டில் இருந்தால், ஆட்டுப்பாலைக் காய்ச்சும் முன் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.