பவுண்டு, கிலோ, பார்: அழுத்தக் கணக்கு அறிவோம்

பைப், ஹோஸ், பம்ப் உதிரிபாகம் விற்கும் நம் கடைகளில் ஒரே அழுத்தத்தை மூன்று பெயரில் கேட்கிறார்கள். பஞ்சர் கடைக்காரர் பவுண்டு என்பார், விவசாயி பி.வி.சி. பைப்பைக் கிலோ என்பார்; ஹோஸின் மேல் பார் என்று அச்சிட்டிருக்கும். மாற்றத் தெரியாமல் சரக்கை எடுத்துக் கொடுத்தால் நஷ்டம் பணத்தோடு போகாது. காற்று ஹோஸ் வெடித்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து.

பவுண்டு (பி.எஸ்.ஐ.) என்பது ஒரு சதுர அங்குலத்தில் அழுத்தும் பவுண்டு எடை. கிலோ என்பது ஒரு சதுர சென்டிமீட்டரில் அழுத்தும் கிலோ எடை. ஒரு கிலோவுக்கு 2.2046 பவுண்டு, ஒரு சதுர அங்குலத்துக்கு 6.4516 சதுர சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 14.22 வரும். பார் என்பது 100 கிலோபாஸ்கல்.

மனதில் நிறுத்த வேண்டியவை:

1 பார் = 14.5 பவுண்டு
1 கிலோ = 14.22 பவுண்டு = 0.98 பார்
1 பவுண்டு = 6.895 கிலோபாஸ்கல்
1 மெகாபாஸ்கல் = 10 பார் = 145 பவுண்டு

வாய்க்கணக்குக்கு, 100 பவுண்டுக்கு 7 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பாருக்கும் ஏறக்குறைய அதுவே. ஆனால் சரியாகப் பார்த்தால் 6.9தான்.

இந்தச் சிறு வித்தியாசத்தில்தான் கவனம் வேண்டும். கம்ப்ரஸர் 150 பவுண்டு. கையில் இருப்பது 10 பார் ஹோஸ். "கிட்டத்தட்ட சரிதான்" என்று கொடுக்கக் கூடாது. 10 பார் என்றால் 145 பவுண்டுதான். அடுத்த ரகத்தையே கொடுக்க வேண்டும். நாம் கடைப்பிடிக்கும் விதி இது: சரக்கின் தாங்குதிறனை மாற்றும்போது பின்னத்தைக் குறைத்துப் போடு, வாடிக்கையாளரின் தேவையை மாற்றும்போது கூட்டிப் போடு.

ஹோஸில் இரண்டு எண்கள் இருந்தால் வேலை அழுத்தத்தை மட்டும் பார்க்கவும். வெடிக்கும் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு. அதைச் சொல்லி விற்பது தவறு.

தண்ணீர் பைப்புக்குக் கணக்கு சுலபம். 10 மீட்டர் உயரத்துக்கு 1 கிலோ. 150 அடி ஏற்ற வேண்டுமென்றால் சுமார் 46 மீட்டர், அதாவது 4.6 கிலோ. 4 கிலோ பைப் போதாது; 6 கிலோ பைப் கொடுக்கவும். மோட்டார் சட்டென்று நின்றால் தண்ணீர் திரும்பி அடிக்கும் அடியையும் பைப் தாங்க வேண்டுமல்லவா?

ஆர்டரிலும் பில்லிலும் "10 பிரஷர்" என்று மொட்டையாக எழுத வேண்டாம். 10 பவுண்டுக்கும் 10 பாருக்கும் பதினான்கரை மடங்கு வித்தியாசம். எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதவும். மேலே உள்ள நான்கு வரிகளை அட்டையில் எழுதி, கல்லாவுக்கு அருகில் மாட்டி, கடைப் பையன்களுக்கும் பழக்கவும்.

பயிற்சிக்கு ஒன்று: 250 பவுண்டு லைனுக்கு 16 பார் வால்வு ஆகுமா? 16 × 14.5 = 232. ஆகாது.