பேர் வெட்டிய பாத்திரத்தை எடைக்குப் போடுமுன்

ஆடித்தபசுக்கு விருந்தாளிகள் வருமுன் வீட்டை ஒதுங்கவைக்கும்போதுதான் சங்கரன்கோவில் வீடுகளில் பரணில் கிடப்பவை கீழே இறங்கும்: வெண்கல உருளி, மரக்கால், தேக்குப் பெட்டி, அஞ்சறைப் பெட்டி. விற்றுவிடலாம் என்று தோன்றும். இல்லையென்றால் தேய்த்துப் புதுசாக்கத் தோன்றும். இரண்டுக்கும் அவசரப்பட வேண்டாம். தலைமுறைகளின் கைபட்டுத் தேய்ந்த தேய்மானம்தான் அவற்றின் மதிப்பு.

செய்ய வேண்டியவை

• பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பேர் யாருடையது, எந்தக் கல்யாணத்துச் சீர் என்று பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

• பித்தளைப் பாத்திரத்தில் சமைப்பதென்றால் முதலில் ஈயம் பூசுங்கள்.

• மரப்பெட்டியைக் கல்மேல் ஏற்றி, சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். கரையான் ஏறினால் உடனே கண்ணில் படும்.

• மரத்துளையிலிருந்து புதிதாக மாவு உதிர்ந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. அந்தச் சாமானை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து மருந்தடியுங்கள்.

• பழைய மேசை வாங்கினால் இழுப்பறையைக் கவிழ்த்துப் பாருங்கள். கை இழைப்புளித் தடமும் மர ஆப்பும் வயதைச் சொல்லும், மேல்பூச்சு ஏமாற்றும்.

• நூறாண்டைத் தாண்டிய கல், உலோகச் சிற்பம் வீட்டில் இருந்தால் தொல்லியல் துறையிடம் பதிவு செய்யுங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கேட்கிறது. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் அச்சட்டம் தடை விதிக்கிறது.

செய்யக்கூடாதவை

• தேக்கின்மேல் எனாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள், உப்புத்தாளால் சுரண்டாதீர்கள்.

• தினம் ஏற்றும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கலாம். பழஞ்சிலையை அப்படித் துலக்காதீர்கள். புளிப்பு மேற்படலத்தை அரித்துவிடும்.

• செடி வைக்கவென்று ஆட்டுரலில் துளை போடாதீர்கள். செடியைச் சட்டியோடு குழிக்குள் இறக்கினால் போதும். கல்தொட்டித் தண்ணீரை வாரம் தாண்ட விடாதீர்கள், கொசு முட்டையிடும்.

• ஒட்டிப்போன ஓலைச்சுவடியைப் பிரிக்காதீர்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் கேளுங்கள்.

• தோண்டும்போது தாழியோ காசோ கிடைத்தால் மறைக்காதீர்கள். புதையல் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878 முதல் உள்ள சட்டம்.

• அழகுக்காக யானைத் தந்தமோ மான்கொம்போ வாங்காதீர்கள், குற்றம்.

• பேர் வெட்டிய பாத்திரத்தை எடைக்குப் போடாதீர்கள். கொடுத்தே தீர வேண்டுமென்றால் முதலில் சொந்தபந்தத்தில் கேளுங்கள். அந்தப் பேரை அறிந்த வீட்டில் அது இன்னும் புழங்கும்.