பழைய மரக் கிளாரினெட்: முதலில் அளவு, பிறகு பழுது

லேத், வெல்டிங் என்று எல்லாரும் எழுதுகிற மலரில் இவன் என்ன ஊதுகுழலைப் பற்றி எழுத வந்துட்டான் என்று நினைக்க வேண்டாம். நாம் முதலாண்டில் படித்த ஒலியியலும் அளவியலும் ஒரே குழலுக்குள் வேலை செய்வதைப் பார்க்கணும்னா கிளாரினெட்டைத்தான் பார்க்கணும்.

1700 வாக்கில் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் டென்னர் என்பவர் உருவாக்கிய கருவி இது. 19-ஆம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் இதைச் சதிர்க் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். 1931-இல் பிறந்த ஏ.கே.சி. நடராஜன் இதில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்து, 2008-இல் சங்கீத கலாநிதி பட்டமும், 2022-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

எங்கள் ஊர் கீரிப்பாறை. என் சித்தப்பா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவர். அவருடைய மரக் கருவியின் மேல் துண்டில் விரிசல் விழுந்தது. காட்டிய கடையில், "இனி இது விறகுக்குத்தான் ஆகும், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். புதுசு என்றால் ஒரு திருவிழா சீசன் கூலி முழுக்கப் போய்விடும். "நீ மெக்கானிக்கல் படிக்கியல்லா மக்ளே, பாத்துச் சொல்லு" என்றார் சித்தப்பா. அதற்காக நான் படித்ததும் செய்து பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

கிளாரினெட் ஒரு மூடிய குழல்

ரீடு இருக்கும் முனை, ஒலியியல்படி மூடிய முனை. எனவே குழலின் நீளம் அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கு. பி-பிளாட் கிளாரினெட்டின் அடி ஸ்வரம் சுமார் 147 ஹெர்ட்ஸ். ஒலியின் வேகம் 346 மீட்டர் என்று வைத்தால், 346 ÷ (4 × 147) = 0.59 மீட்டர். திறந்த குழலான புல்லாங்குழலில் அதே ஸ்வரம் வேண்டுமானால் இரண்டு மடங்கு நீளம் தேவை. மேல் ஸ்தாயிக்குப் போகும் கீயை அழுத்தினால் புல்லாங்குழல் போல 2 மடங்கு அதிர்வெண் வராது, 3 மடங்கு வரும்.

தரம் பார்க்கும் முறை

1. சுருதி: பழைய கருவிகளில் ‘எச்.பி.’, ‘எல்.பி.’ என்று முத்திரை இருக்கும். எல்.பி. என்றால் இன்றைய 440 ஹெர்ட்ஸை ஒட்டிய சுருதி. எச்.பி. என்றால் சுமார் 452 ஹெர்ட்ஸ். பழைய பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகளின் சுருதி. வித்தியாசம் ஏறக்குறைய கால் தொனி. மவுத்பீஸ் பக்கம் இழுத்து நீட்டினால் சரியாகாது. துளைகளின் இடைவெளி மாறாதே! எச்.பி. கருவி தனிக் கச்சேரிக்கு, சுருதிப் பெட்டியை மாற்றி வைத்து உதவும். பேண்டு செட்டுக்கு உதவாது. ஆகவே இதை முதலில் பாருங்கள்.

2. உள்துளை: சுமார் 15 மி.மீ. விட்டம். மரம் சுருங்கினால் வட்டம் முட்டை வடிவாகும். டெலஸ்கோப்பிக் கேஜ் வைத்து ஒரே இடத்தில் செங்குத்தான இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். பிறகு அடி ஸ்வரங்களையும் அவற்றின் 3 மடங்கு ஸ்வரங்களையும் கைப்பேசி ட்யூனரில் ஒப்பிடுங்கள. சிறு பிசகு நல்ல கருவியிலும் உண்டு. பிசகு ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாறுமாறாகக் குதித்தால் துளை கெட்டிருக்கலாம்.

3. காற்றுக் கசிவு: துண்டின் ஒரு முனையை உள்ளங்கையால் மூடி, துளைகளையும் அடைத்து, மறுமுனையில் வாயால் உறிஞ்சவும். வெற்றிடம் சில விநாடி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் விரிசல் மேல் செல்லோடேப் ஒட்டித் திரும்பப் பாருங்கள். இப்போது நின்றால் விரிசல் ஆழம். நிற்காவிட்டால் பேட் கசிகிறது. ஒவ்வொரு பேடுக்கும் கீழே மெல்லிய சிகரெட் தாள் வைத்து இழுத்தால் எது பிடிக்கவில்லை என்று தெரியும்.

4. மவுத்பீஸ்: பழையது பெரும்பாலும் எபோனைட். கீரிப்பாறையில் நாங்கள் வெட்டி எடுக்கும் அதே ரப்பர் பாலுடன் நிறையக் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கினால் எபோனைட். வெயிலிலும் வெந்நீரிலும் நிறம் மாறும். ரீடு உட்காரும் பரப்பைக் கண்ணாடித் தகட்டில் வைத்துச் சமதளமா என்று பாருங்கள்.

ஏன் வெடிக்கிறது?

நல்ல கருவிகள் ஆப்பிரிக்கக் கருங்காலி வகை மரத்தில் செய்தவை. தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தி. மூச்சின் ஈரத்தால் உட்புறம் விரிகிறது, வெளிப்புறம் காய்ந்து சுருங்குகிறது. இழுவிசை தாங்காமல் வெளியே பிளக்கிறது. மழையில் ஊறும் கீரிப்பாறையிலிருந்து, காற்று வீசும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கச்சேரிக்குப் போய் வரும் கருவிக்கு இந்தச் சோதனை ஒரே நாளில் நடக்கும்!

பழுது பார்த்தல்

கீகளைக் கழற்றி வரிசையாகத் தாளில் குத்தி வைக்கவும். விரிசலிலுள்ள எண்ணெய், அழுக்கை நீக்கி, மரத்தூளும் நீர்த்த சூப்பர் குளூவும் வைத்து நிரப்பலாம். ஸ்வரத் துளையைத் தொட்ட விரிசலுக்கு உலோக ஊசியோ வளையமோ வேண்டும். அது அனுபவசாலி வேலை. உள்துளையை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. தேய்த்த மரம் திரும்ப வராது. எண்ணெய் லேசாகப் போதும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். பாதாம் எண்ணெய் நல்லது. பழுதுக்குப் பின் முதல் வாரம் தினம் 15 நிமிடத்துக்கு மேல் ஊதக் கூடாது. ஊதி முடித்ததும் உள்ளே துணி இழுத்துத் துடைக்கணும்.

சித்தப்பாவின் கருவியில் முத்திரை எல்.பி.; துளையின் வட்டம் கெடவில்லை; செல்லோடேப் சோதனையில் விரிசல் மேலோட்டம் என்று தெரிந்தது. செலவானது பசை, நான்கு பேட், கார்க் மட்டும். ஒருவேளை எச்.பி. என்று வந்திருந்தால், புதுசு வாங்கச் சொல்லி நானே சொல்லியிருப்பேன்.

நண்பர்களே, உங்கள் ஊர் பேண்டு செட்டிலும் ஒரு மூலையில் இப்படி ஒரு பெட்டி கிடக்கும். கீ பளபளப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், கறுத்ததைப் பார்த்து எறியவும் வேண்டாம். வெர்னியரை எடுத்துக்கொண்டு போங்கள். ஒருத்தர் பிழைப்பு அதில் இருக்கலாம்.