பங்கு கேட்டு வழக்கா? முதலில் வழக்கின் வகையை அறிவோம்



சேரப்பணஞ்சேரி, படப்பை, ஒரகடம் வட்டாரத்தில் முன்பு ஏக்கர் கணக்கில் பேசிய நிலத்தை இன்று சென்ட் கணக்கில் பேசுகிறோம். 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. இவற்றோடு வந்த மற்ற தொழிற்சாலைகளும் சேர்ந்து மண்ணின் விலையை மாற்றிவிட்டன. தகப்பனார் மவுத்தாகிப் பல ஆண்டுகள் யாரும் வாய் திறக்காத பாகப்பிரிவினை, விலை ஏறியதும் பேச்சுக்கு வருகிறது. பேச்சு முறிந்தால் நீதிமன்றப் படி ஏற வேண்டியதாகிறது.

நம் அறக்கட்டளைக்கு வரும் சகோதரிகள் பெரும்பாலும் "கேஸ் போட்டுடலாமா?" என்றே கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "என்ன கேஸ்?" எந்த நீதிமன்றம், எவ்வளவு கட்டணம், எத்தனை ஆண்டுக் கெடு ஆகிய மூன்றும் வழக்கின் வகையைப் பொறுத்தே அமைகின்றன. நியாயம் நம் பக்கம் இருந்தும், தவறான வகையில் வழக்குத் தொடுத்ததால் வருடங்களை இழந்த குடும்பங்கள் உண்டு. வழக்கறிஞரிடம் போகும் முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை மட்டும் இங்கே தருகிறோம்.

நம் உரிமை எது?

வாரிசுப் பங்குகளை அல்லாஹ்வே சூரா அந்நிஸாவின் 7, 11, 12ஆம் வசனங்களில் வகுத்துள்ளான். இந்திய நீதிமன்றங்களும் 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி நம் வாரிசுரிமையில் இந்தப் பங்கு முறையையே பின்பற்றுகின்றன. "விவசாய நிலத்துக்கு ஷரீஅத் பொருந்தாது, ஆகவே பெண்ணுக்குப் பங்கில்லை" என்று சிலர் சொல்வதுண்டு. 1937 சட்டத்தில் விவசாய நிலத்துக்கு விலக்கு இருந்தது உண்மைதான். ஆனால் சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. நம் மாநிலத்தில் நஞ்சைக்கும் புஞ்சைக்கும் வீட்டுக்கும் ஒரே முறைதான்.

நம் சட்டத்தில் 'கூட்டுக் குடும்பச் சொத்து' என்பதும் பிறப்பால் வரும் உரிமையும் இல்லை. தகப்பனார் உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகளுக்குப் பங்கு கிடையாது. அவர் மவுத்தானவுடன், அடக்கச் செலவும் கடனும் செல்லத்தக்க வஸிய்யத்தும் போக, மீதியில் ஒவ்வொரு வாரிசுக்கும் அவரவர் பங்கு தனித்தனியே சேர்ந்துவிடுகிறது. யாரும் எழுதித் தந்துதான் அது வர வேண்டும் என்பதில்லை.

ஓர் உதாரணம். மனைவி, 2 மகன்கள், 1 மகளை விட்டு ஒருவர் மவுத்தாகிறார். வேறு வாரிசு இல்லை. மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மீதியில் மகனுக்கு 2, மகளுக்கு 1 என்ற விகிதம். சொத்தை 40 பாகமாக்கினால் மனைவிக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. இந்தக் கணக்கைப் பள்ளிவாசல் ஆலிமிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது வழக்கறிஞருக்கும் உதவும்.

எந்த வாசலில் தட்டுவது?

எல்லாச் சொத்துத் தகராறும் சிவில் நீதிமன்றத்துக்குப் போவதில்லை.

பள்ளிவாசல், தர்கா, கபரஸ்தான் போன்ற வக்ஃப் சொத்துத் தகராறுகளுக்கு 1995ஆம் ஆண்டு வக்ஃப் சட்டத்தின் 83ஆம் பிரிவின்படி வக்ஃப் தீர்ப்பாயம் உண்டு. தீர்ப்பாயம் முடிவு செய்ய வேண்டிய விஷயத்தைச் சிவில் நீதிமன்றம் எடுத்துக்கொள்வதை 85ஆம் பிரிவு தடுக்கிறது.

"அண்ணன் பெயருக்குப் பட்டா மாறிவிட்டது, எல்லாம் போய்விட்டது" என்று கலங்க வேண்டாம். பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அது சொத்துரிமையை முடிவு செய்யாது. பட்டாவில் பெயர் மாற்றச் சொல்லி அரசின் மீது வழக்குப் போடுவதை 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டம் 14ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் நம் உரிமையை மறுப்பவர் மீது உரிமை விளம்புகை கேட்டு வழக்குத் தொடுக்க அதே பிரிவு வழி விடுகிறது.

லேத் பட்டறை, கேன்டீன் ஒப்பந்தம், வாகன வாடகை என்று தொழிற்சாலைகளை நம்பித் தொழில் செய்வோருக்கு ஒரு குறிப்பு. பில் பாக்கி போன்ற வணிகத் தகராறு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால், அது 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டத்தில் சேரும். அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வழக்காக இருந்தால், முதலில் சமரச முயற்சிக்கு விண்ணப்பித்த பிறகே வழக்குத் தொடுக்கலாம். இது கட்டாயம் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

இவை போக, வீடு, மனை, நிலம் பற்றிய வழக்கு அந்தச் சொத்து இருக்கும் எல்லைக்குரிய சிவில் நீதிமன்றத்தில்தான் தொடுக்கப்பட வேண்டும். நாம் சென்னையிலோ சவூதியிலோ குடியிருப்பதால் இது மாறாது. 2019இல் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. அந்த எல்லையை ஒட்டி நிலம் உள்ளவர்கள், தங்கள் கிராமம் இன்று எந்த நீதிமன்ற எல்லைக்குள் வருகிறது என்பதைக் கேட்டறிந்து செல்லட்டும்.

என்ன பரிகாரம் கேட்பது?

'பரிகாரம்' என்றால் நீதிமன்றத்திடம் நாம் கேட்கும் தீர்வு. வழக்கின் வகை இதிலிருந்தே பிறக்கிறது.

வாரிசு என்பதை எவரும் மறுக்கவில்லை, பிரித்துத்தான் தரவில்லை என்றால் அது பாகப்பிரிவினை வழக்கு. சொத்தே உனக்கு இல்லை என்று ஒருவர் மறுத்தால் உரிமை விளம்புகை கேட்க வேண்டும். சொத்து நம் கையில் இருக்கிறது, இன்னொருவர் உள்ளே நுழைய முயல்கிறார் என்றால் உறுத்துக் கட்டளை, அதாவது இன்ஜங்ஷன். சொத்து கைவிட்டுப் போயிருந்தால் சுவாதீனம் கேட்க வேண்டும்.

பலரும் முதலில் தேடுவது இன்ஜங்ஷன்தான். கட்டணம் குறைவு, உடனே கிடைக்கும் என்ற எண்ணம். ஆனால் 2008இல் அனதுலா சுதாகர் எதிர் புச்சி ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நம் உரிமையின் மீதே உண்மையான சந்தேகம் எழுப்பப்பட்டிருந்தால் வெறும் இன்ஜங்ஷன் வழக்கு போதாது, விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சொத்து நம் கையில் இல்லையென்றால் சுவாதீனத்தையும் கேட்க வேண்டும். இதைக் கவனிக்காமல் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்த பிறகு தள்ளுபடியாகலாம்.

அண்ணன் தம்பி சேர்ந்து சகோதரியின் பங்கையும் விற்றுப் பத்திரம் பதிந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் கையெழுத்திட்டவர் அதிலிருந்து விடுபட ரத்து கேட்க வேண்டும். கையெழுத்தே போடாத சகோதரி, 'இந்தப் பத்திரம் என் பங்கைக் கட்டுப்படுத்தாது' என்ற விளம்புகை கேட்டால் போதும். 2010இல் சுஹ்ரித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வேறுபாடு இது. ஆகவே "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்று நீட்டப்படும் தாளைப் படிக்காமல் தொடாதீர்கள். விடுதலைப் பத்திரமா, பவர் பத்திரமா என்று கேளுங்கள்.

கட்டணமும் நீதிமன்றமும்

மாவட்ட உரிமையியல் நீதிமன்றம் எனப்படும் முன்சீப் கோர்ட், அதற்கு மேல் சப்-கோர்ட், அதற்கும் மேல் மாவட்ட நீதிமன்றம். வழக்கின் மதிப்பு எந்தப் படிக்குள் வருகிறதோ, அதை விசாரிக்கும் அதிகாரமுள்ள கீழ்ப்படி நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும். இந்த வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், தாக்கல் செய்யும் நாளில் நடப்பில் உள்ள வரம்பைக் கேட்டுக்கொள்ளவும்.

கட்டணத்தை 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் வகுக்கிறது. மதிப்பின் மீது 7.5 சதவீதமாக இருந்தது 2017இல் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பாகப்பிரிவினைக்கு 37ஆம் பிரிவு இரண்டு வழி காட்டுகிறது. சொத்தின் சுவாதீனத்திலிருந்து நாம் வெளியேற்றப்பட்டிருந்தால் நம் பங்கின் சந்தை மதிப்பின் மீது கட்டணம். கூட்டுச் சுவாதீனத்தில் இருந்தால் சிறிய, நிலையான கட்டணம்.

மேலே சொன்ன குடும்பத்தின் வீடும் மனையும் 40 லட்சம் பெறும் என்றால் மகளின் பங்கு 7 லட்சம். அவர் வெளியேற்றப்பட்டவர் என்றால் கட்டணம் 21,000 ரூபாய். விவசாய நிலத்துக்கு மதிப்பிடும் முறை வேறு. அதை வழக்கறிஞர் கணக்கிடுவார்.

பணம் மிச்சமாகும் என்று, உண்மைக்கு மாறாகக் 'கூட்டுச் சுவாதீனத்தில் இருக்கிறேன்' என்று எழுதச் சம்மதிக்காதீர்கள். பிராதின் கடைசியில் 'இவை உண்மை' என்று கையெழுத்திட்டு, பிரமாணப் பத்திரமும் தருவது நாம்தான். அது அல்லாஹ்வின் முன்னும் சாட்சியம். அதே வேளையில், ஒரு வாரிசின் சுவாதீனம் பொதுவாக மற்ற வாரிசுகளுக்காகவும் என்றே சட்டம் பார்க்கிறது. வெளியூரில் வாழ்க்கைப்பட்டுப் போனதாலேயே ஒரு பெண் 'வெளியேற்றப்பட்டவர்' ஆகிவிட மாட்டார். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்தப் பிரிவு என்பதை வழக்கறிஞர் முடிவு செய்யட்டும்.

கெடு

1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி கைமாற்றுக் கடனுக்கும் புரோநோட்டுக்கும் 3 ஆண்டு. விளம்புகைக்கும் பத்திர ரத்துக்கும் 3 ஆண்டு. உரிமையின் அடிப்படையில் சுவாதீனம் கேட்க 12 ஆண்டு. பங்கு இல்லை என்று உடன்பிறந்தார் வெளிப்படையாக மறுத்த நாள் மிக முக்கியம். அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். மேல்முறையீட்டில் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. புதிய வழக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. "பெருநாள் கழியட்டும், பிள்ளை கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளிப் போடுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தாக்கல் செய்யும்போது

பிராதில் இருக்க வேண்டியவை: நீதிமன்றத்தின் பெயர், வாதி, பிரதிவாதிகளின் பெயர், முகவரி, நடந்த சம்பவங்கள், வழக்கு மூலம் எப்போது எழுந்தது, இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் எப்படி, மதிப்பும் கட்டணமும், கேட்கும் பரிகாரம், நான்கு எல்லைகள், சர்வே எண்ணுடன் சொத்து விவரம்.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: மூலப்பத்திரம் அல்லது அதன் சான்றிட்ட நகல், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது. வாரிசுகளில் ஒருவரைக்கூட விடக்கூடாது. வழக்குப் போட விருப்பமில்லாத தாயாரையும் பிரதிவாதியாகவேனும் சேர்க்க வேண்டும். விற்பனை நடந்திருந்தால் வாங்கியவரையும் சேர்க்க வேண்டும்.

தாக்கல் செய்தவுடன் வழக்கு பதிவாகிவிடுவதில்லை. அலுவலகம் சரிபார்த்து, குறை இருந்தால் குறிப்பெழுதிப் பிராதைத் திருப்பித் தரும். சொன்ன கெடுவுக்குள் திருத்தி மீண்டும் தாக்கல் செய்த பிறகே வழக்குப் பதிவேட்டில் ஏறி அசல் வழக்கு எண் கிடைக்கும். "போட்டாச்சு" என்ற வார்த்தையோடு திருப்தியடையாதீர்கள். வழக்கு எண்ணையும், 16 இலக்கச் சி.என்.ஆர். குறியீட்டையும் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தா தேதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

பாகப்பிரிவினையில் இரண்டு தீர்ப்பாணைகள் உண்டு. முதல்நிலைத் தீர்ப்பாணை பங்கை அறிவிக்கும். இறுதித் தீர்ப்பாணைதான் அளந்து பிரித்துத் தரும். முதலாவதோடு நின்றுவிட்டவர்களின் கையில் காகிதம் மட்டுமே இருக்கும்.

வசதியில்லை என்றால்

1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்கள் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். மனு எழுதவும், ஆவணங்களை வரிசைப்படுத்தவும் நம் அறக்கட்டளை இன்ஷா அல்லாஹ் துணை நிற்கும்.

வழக்குத் தொடுத்த பிறகும் சமாதானக் கதவு திறந்தே இருக்கிறது. சமரசத்தில் முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பப் பெற நம் மாநிலச் சட்டத்தில் இடமுண்டு. நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் இது பொருந்தும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சகோதரிகளுக்கு ஒரு சொல்: அல்லாஹ் தந்த பங்கைக் கேட்பது குடும்பத்தைப் பிரிப்பதாகாது. சகோதரர்களுக்கு ஒரு சொல்: நாவன்மையாலோ பத்திரத் தந்திரத்தாலோ சாதகமான தீர்ப்பு கிடைத்தாலும், பிறர் ஹக்கு அதனால் ஹலாலாகிவிடாது என்று உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் நம்மை எச்சரிக்கிறது. சகோதரி பிராது எழுதும் நிலைக்குப் போகும் முன்பே அவரை அழைத்து, ஆலிம் முன்னிலையில் கணக்குப் பார்த்து, பதிவு அலுவலகத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து கொடுத்துவிடுவதே மேல்.

உரியவர்களுக்கு உரியதை அவரவர் ஹயாத்திலேயே ஒப்படைக்கும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

செயலாளர்